பேச இரண்டு கை வேண்டும்

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு என்றுதான் வாங்கியது, விரல் விட்டு எண்ணினாலும் பன்னிரண்டுதான் வருகிறது, வந்திறங்கிய திங்கள் ஒன்று, அடுத்த திங்கள் எட்டு, இன்றைக்கு வெள்ளி, பன்னிரண்டு, பிறகு ஏன் நின்றுபோச்சு, கொலோன் ஸ்டேஷனில் ரயிலில் கால் வைக்கிறவரைக்கும் இருந்ததே, பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தால் டேட்டா இல்லை, மேலே கோடுகள் நாலும் நிற்கின்றன, உள்ளே ஒன்றும் வரமாட்டேன் என்கிறது, அணைத்துப் போட்டேன், விமானப் படத்தை அமுக்கி எடுத்தேன், மறுபடி அணைத்தேன், உங்கள் காலம் முடிந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நிற்கிறது, உங்கள் காலம் முடிந்ததாம், யாருடைய காலம், வாயைக் கழுவு. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. இல்லை. ஞாயிறு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் பட்டறையில் கூட வேலை பார்க்கிற ஜெயசீலன் தம்பி என் போனை வாங்கி அந்தச் சிம்மைப் போட்டுக் கொடுத்தபோது, இங்கேயே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துக்கிறேன் தம்பி என்று நான்தான் பண்ணினேன், அப்போது மணி ஒன்று ஐம்பது, இப்போது ஊரில் மணி ஒன்று ஐம்பது, பன்னிரண்டு நாளும் பைசல். சாயப்பட்டறை லேபில் இருபத்து மூன்று வருஷம், நிற வித்தியாசத்தைத் தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரைக்கும் பார்த்து இந்த லாட் பாஸ், அந்த லாட் ஃபெயில் என்று எழுதுகிறவள் கோகிலவாணி, அவளுக்கு ஒரு நாளை எண்ணத் தெரியவில்லை. ஊர் சிம்முக்கு ரோமிங் போடவில்லை, எதற்கு, இதுதான் இருக்கே என்று. ஜெயசீலன் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் சரி பண்ணுவான், பட்டறையிலிருந்து அனுப்பின வகுப்பு எனக்கு முடிந்தது, அவனுக்கு மெஷின் ரிப்பேர் வகுப்பு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கிரேஃபெல்டிலேயே இருக்கிறான், நான் தனியாக ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு மணி நேர ரயில், அங்கே போய்விட்டால் இலவச வைஃபை கிடைக்கும், ஆனால் ஒரு மணி நேரம் கிடையாது, ஊரில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இன்னும் அரைமணி நேரம்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

காலையில் ஹோட்டலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நங்கையா கூப்பிட்டார், என் வீட்டுக்காரர் குழந்தைவேலின் அக்கா பழனாத்தாள், எனக்கு நங்கையா. விடியக்காலையில் குழந்தைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்ததையும், பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும், ஸ்கேன் எடுத்ததையும், குடல்வால் வீங்கி வெடிக்கிற பதத்தில் இருப்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று படுத்திருக்கிறாராம். பேப்பரை நீட்டினால் தள்ளிவிடுகிறாராம், சிஸ்டர் எழுதிக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறாராம். கண்ணை மூடிக்கொண்டால் அவரோடு யாரும் பேச முடியாது, அது அவருக்கும் தெரியும், எங்களுக்குள் சண்டை வந்தால் அதுதான் அவருடைய கடைசி ஆயுதம். ரயிலில் ஏறியதும் நான் வீடியோவில் பேசுகிறேன், அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க என்று நங்கையாவிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தேன். இரண்டு நாளாக வலி இருந்திருக்கிறது. இரண்டு நாளாக அவர் ஒற்றைக் கையால் பேசினார். நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை, ஒரு கையில் போனைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் போன் வாட்டர் ஃபில்டர்மேல் சாய்த்து வைத்திருந்தது, படம் ஆடவே இல்லை, ஆடாத படத்தில் ஒற்றைக் கையால் ஒருத்தர் பேசினால் இன்னொரு கை எங்கே என்று கேட்டிருக்க வேண்டாமா, இன்னொரு கை வயிற்றை அமுக்கிக்கொண்டு மேஜைக்குக் கீழே இருந்திருக்கிறது, நான் பாட்டுக்கு ரைன் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தேன், இது என்ன நிறம் சொல்லுங்கள் பார்ப்போம் என்று, அவர் ஒற்றைக் கையால் ஈயம், அதில் கொஞ்சம் பச்சை என்று சொன்னார், சரியாகத்தான் சொன்னார்.

அவருக்குக் கண்தான் எல்லாம். நான் லேபில் புதிதாகச் சேர்ந்த வருஷம், இரண்டு சிவப்புத் துணியை மெஷின் ஒன்று என்று சொல்லிவிட்டது, கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் இரண்டையும் ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், பேசவில்லை, விரலால் காற்றில் கீழே ஒரு கோடு கிழித்தார், இது மங்கல் என்று, துவைத்துப் பார்த்தால் மங்கிப்போச்சு. அப்படித்தான் குழந்தைவேலைத் தெரியும். கோகிலவாணி என்று பேர் வைத்துக்கொண்டு காது கேளாதவனைக் கட்டப்போகிறாளா என்று எங்கள் ஊரில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் நான் அம்மா வீட்டுக்குத் தாராபுரம் போனால் அதோடு சரி, போனில் கூப்பிட்டு என்ன பிரயோஜனம், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போய்ச் சேர்ந்தேன், இரண்டு கொடுத்தால் வர லேட்டாகும், மூன்று கொடுத்தால் என்ன என்று நாங்கள் முடிவு பண்ணவே இல்லை, ஒருநாள் தெரியாமல் மூன்று கொடுத்துவிட்டேன், மத்தியானம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறார். பிறகு எஸ்எம்எஸ் வந்தது, அவருடைய எழுத்தில் முன்னது பின்னதாக வரும், நீ எப்போ நான் சோறு என்று எழுதுவார், எனக்குப் புரியும், ஆனால் எழுத்தில் அவருடைய முகம் கிடையாது, சைகையில் பாதி முகம்தான், கேள்வி என்றால் புருவம் ஏறும், கேலி என்றால் கன்னம் உப்பும், எழுத்தில் எங்கே போய்ப் புருவத்தைத் தேடுவது. வீடியோ வந்தபோது மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, பேத்தியின் முகத்தைப் பார்த்தோம், கல்யாணத்தைப் பார்த்தோம் என்று, எங்களுக்கு அன்றைக்குத்தான் டெலிபோன் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பன்னிரண்டு நாளும் தினம் சாயங்காலம் அவரோடு பேசியிருக்கிறேன், ஏழாயிரம் கிலோமீட்டர் என்கிறார்கள், கடலுக்கு அடியில் கம்பி போட்டிருக்கிறார்களாம், ஜெயசீலன் சொன்னான், யாரோ கப்பலில் போய் இறக்கியிருக்கிறார்கள், என் வீட்டுக்காரர் புருவத்தை ஏற்றினால் அது அந்தக் கம்பி வழியாக வந்து என் கையில் ஏறுகிறது. இறக்கினவர் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும், இப்போது எனக்கு ஒரு அரைமணி நேரம் வேண்டும்.

ரயிலுக்கு வைஃபை உண்டு என்று ஜன்னலில் ஒட்டியிருந்தது, போட்டேன், வட்டம் சுற்றியது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து சீட்டில் ஒருத்தர். அவர் வந்து உட்கார்ந்தபோதே கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தது, சிறகு விரித்த ஏதோ பறவை, மொட்டைத் தலை, விரல் இடுக்கில் வெள்ளையாகச் சிமென்ட் காய்ந்திருந்தது, ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா. யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். முன்சீட்டில் ஒரு அம்மாள் புத்தகம் படிக்கிறாள், அவளைக் கேட்கலாம், ஆனால் அவளுக்குமேல் கண்ணாடியில் வாய்க்கு நேரே விரல் வைத்த படம் இருக்கிறது, இது அமைதிப் பெட்டியாம், இங்கே போன் பேசக்கூடாது, அதுவும் இப்போதுதான் பார்க்கிறேன். கேட்டால் என்ன நினைப்பார்கள், கேட்காவிட்டால் குடல் வெடிக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நான் பச்சை குத்தினவர் பக்கம் திரும்பி, என் போனைக் காட்டி, இன்டர்நெட் ஃபினிஷ் என்றேன். ஹஸ்பண்ட் ஹாஸ்பிட்டல் என்றேன். பிறகு இங்கிலீஷ் எல்லாம் தீர்ந்துவிட்டது, காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, இரண்டு கையாலும் காற்றில் பேசிக் காட்டினேன். அவர் ரொட்டியை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து ஏதோ பண்ணி, என் போனை வாங்கி, எனக்குத் தெரியாத எழுத்துகளை மளமளவென்று அடித்துக் கொடுத்தார், மேலே 'ஊவேயின் போன்' என்று வந்து நின்றது, அவருடைய நெட் என் போனுக்குள் வந்துவிட்டது. அப்படித்தான் அவர் பேர் ஊவே என்று தெரிந்தது. கைப்பையைக் கீழே வைத்தேன், அவர் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் பரவாயில்லை, எனக்காக வைத்தேன்.

நங்கையா எடுத்தார், ஆனால் வீடியோவில் ஒரு காதும் தோடும்தான் தெரிந்தன, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆரு, ஆரு என்கிறார். போனைத் தம்பிக்கு முன்னாடி புடிங்க நங்கையா என்று மெதுவாகத்தான் சொன்னேன், முன்சீட்டு அம்மாள் திரும்பி விரல் படத்தைக் காட்டினாள். தலையை ஆட்டினேன். அவர் முகம் வந்தது. ஒரு நாளில் இவ்வளவு வற்றுமா ஒரு முகம். என்னைப் பார்த்ததும் கண் முழுசாகத் திறந்தது, என் பேரைச் சொன்னார், என் பேர் என்றால் தாடையில் மச்சம் இருக்கிற இடத்தில் ஒரு விரலால் தொடுவது, அதை வலது கையால் தொட்டார், இடது கை வரவில்லை, டிரிப் ஏறுகிற கையை அட்டையோடு சேர்த்துக் கட்டிலில் கட்டியிருந்தார்கள். எனக்கும் ஒரு கைதான், ஒரு கையில் போன். இரண்டு பேரும் ஒற்றைக் கையோடு திக்கிக்கொண்டிருந்தோம், சீட்டில் சாய்த்து வைத்தேன், ரயில் ஆடி விழுந்தது, மறுபடி சாய்த்தேன், அப்போது பெரிய கை ஒன்று வந்து போனை எடுத்துக்கொண்டது. ஊவே போனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி எனக்கு நேராகப் பிடித்தார், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மேலே, சரியா என்பதுபோல் பார்த்தார். எனக்கு இரண்டு கையும் வந்துவிட்டன. இந்த நன்றியை எந்த மொழியில் சொல்வேன், சொல்ல நேரமில்லை. அங்கே சிஸ்டர் ஒருத்தி குறுக்கே வந்து டிரிப் கையை ஆட்டக்கூடாதுங்க என்று சொன்னது கேட்டது. இதை மட்டும் நான் வாய்விட்டுச் சொன்னேன், அமைதிப் பெட்டியாவது ஒன்றாவது.

"சிஸ்டர், அந்தக் கை அவருக்கு வாய்ங்க. வாயைக் கட்டிப்போட்டுட்டு பதில் சொல்லுன்னா எப்படிங்க சொல்லுவாரு?"

சின்னப் பெண்தான், சட்டையில் ஜாஸ்மின் என்று எழுதியிருந்தது. குனிந்து கட்டை அவிழ்த்து, டியூபைச் சுருட்டித் தோள் பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அவர் கையை ஒரு தடவை உதறிக்கொண்டார். பிறகு கேட்டார். தூங்க வைப்பார்களாமே என்றார். ஆமாம் என்றேன். எழுந்தால், என்று இரண்டு கண்ணையும் விரலால் திறந்து காட்டி, எழுந்தால் இந்தத் தடவை எது போயிருக்கும் என்றார். புருவம் ஏறி அப்படியே நின்றது. ஒரு விரல் மெல்ல மேலே போய் இமையைத் தொட்டது. இதுவா. ஜன்னல் கறுத்தது. அவர் முகம் அசையாமல் நின்றது, இமையில் விரல் வைத்தபடியே, சுரங்கம்.

சுரங்கத்தில் என் முகம் ஜன்னலில் தெரிந்தது, பக்கத்தில் போனைப் பிடித்திருக்கிற கை. ஏழு வயதில். இந்தக் கதையை எனக்கு அவர் ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறார், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், தூங்கினார், மூன்று நாளோ நாலு நாளோ, எழுந்தபோது அம்மா வாயை அசைத்தாளாம், அவர் சிரித்தாராம், சத்தம் இல்லாமல் பேசி விளையாடுகிறாள் என்று. பிறகு அப்பாவும் அதே விளையாட்டை விளையாடினார். டாக்டரும். யாரும் அவரிடம் சொல்லவே இல்லை, என்ன நடந்தது என்று, நடக்கப்போகிறது என்று, நடந்துவிட்டது என்று, எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக ஒரு மனிதர் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தூங்கப்போயிருக்கிறார், அதில் இருபத்திரண்டு வருஷம் எனக்குப் பக்கத்தில்தான், நான் கேட்டதில்லை. என்ன சொல்வேன், ஒன்றும் போகாது என்றா, ஒன்றும் போகாது என்று நான் யார் சொல்ல, நாள் எண்ணத் தெரியாதவள், ஆனால் பொய் சொன்னால் என் முகத்தில் தெரிந்துவிடும், அவருக்கு வார்த்தை ஒரு பொருட்டில்லை, முகம்தான் உண்மையைச் சொல்லும், நிறத்தைப் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பார். இந்தச் சுரங்கம் முடியட்டும், எவ்வளவு நீளம், ஊவே போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார், படம் இல்லாத போனைக் கீழே இறக்கவே இல்லை, இறக்கினால் வராமல் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. வெளிச்சம். வட்டம் சுற்றியது. வா. சாமி, வா. வந்தது, அவர் அங்கேயே இருந்தார், விரல் மட்டும் இமையிலிருந்து இறங்கியிருந்தது, போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார், என்னைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார், மாஸ்க் போட்டிருந்தார், அதை இறக்கச் சொன்னேன், இறக்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் கையால் சொன்னேன். வயிற்றில் மூன்று ஓட்டை, சட்டைப் பொத்தான் அளவு. குழாய் விட்டு ஒன்றை வெட்டுவார்கள், சுண்டுவிரல் அளவு குடல், உடம்புக்கு வேண்டாதது. நீ கட்டிங் மாஸ்டர்தானே என்றேன், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை வெட்டமாட்டாயா. சைகையில் நீ, நீங்கள் என்று பேதம் கிடையாது, விரலை நீட்டினால் அவர்தான், இருபத்திரண்டு வருஷமாக வாயால் நீங்க, கையால் நீ. கண்ணுக்கும் கைக்கும் பக்கத்திலேயே போகமாட்டார்கள், டாக்டரம்மாவிடம் அதைத் தனியாகக் கேட்டேன், அவர் என்னிடம் சொல்லாமல் நேராக அவரைப் பார்த்து, தன் கண்ணைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினார். மயக்க மருந்தில் ஆபத்து துளிகூட இல்லை என்று நான் சொல்லவில்லை, கொஞ்சம் உண்டு, வெட்டாமல் விட்டால் அதைவிட நூறு மடங்கு உண்டு என்றேன். எனக்கு உன்னிடம் பொய் சொல்லத் தெரியாது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலோரம் எடுத்துப்போய்த் துணியைப் பார்க்கிற பார்வை. எழும்போது நீ இருப்பாயா என்றார். இருக்கமாட்டேன், வானத்தில் இருப்பேன், ஆனால் நீ கண்ணைத் திறக்கும்போது வெளிச்சம் இருக்கும், கை கட்டாமல் இருக்கும், அக்கா முகம் முன்னால் இருக்கும், நான் சொல்லிவிட்டேன் என்றேன். அப்போதுதான் நங்கையாவிடமும் டாக்டரம்மாவிடமும் அதைச் சொன்னேன். மறுபடி ஒரு சுரங்கம், சின்னது. வெளியே வந்தபோது பேனா அவர் கையில் இருந்தது, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், தன் பேரை எப்போதும்போல் மெதுவாக, ழ-வைச் சுழித்து. போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கன்னத்தை லேசாக உப்பினார். ரைன் என்று சொல்லி, ஈயம் இல்லை, வெள்ளி என்று திருத்தினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஊவே போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இருபத்தைந்து நிமிஷம். கழுத்துப் பறவை வேர்த்திருந்தது. தேங்க் யூ என்றேன், அது போதவில்லை, கையைக் கூப்பினேன், அதுவும் போதவில்லை, கடைசியில் எங்கள் கையாலேயே நன்றி சொன்னேன், உள்ளங்கையை உதட்டிலிருந்து எடுத்து அவருக்கு நீட்டினேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு அதையே எனக்குத் திருப்பிச் செய்தார், கொஞ்சம் கோணலாக. முன்சீட்டு அம்மாள் புத்தகத்தை மூடி வைத்திருந்தாள், எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, ஒரு சத்தமும் இல்லாமல் இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது இந்தப் பெட்டியில், அவள் என் பக்கம் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன், தொண்டை காய்ந்திருந்தது, பேசினது கைதானே, தொண்டை ஏன் காய்கிறது. ஏர்போர்ட் ஸ்டேஷனில் ஊவே என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார், அவர் இன்னும் தூரம் போகவேண்டும், எந்த ஊரில் யார் வீட்டுத் தரைக்கு ஓடு பதிக்கப்போகிறாரோ. ரயில் நகர்ந்ததும் என் போனில் ஊவேயின் போன் மங்கி, அறுந்து, போனது.

உள்ளே வைஃபை கிடைத்தது. பெட்டியைப் போட்டேன், பெல்ட்டைக் கழற்றினேன், வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் போனைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டரம்மா. ஒரு மணி நேரம் ஆச்சு. ஒன்றே கால் ஆச்சு. கேட் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன், எதிரே ஒரு குழந்தை தரையில் உருண்டு அழுதது, பார்த்துக்கொண்டே இருந்தேன். வெடித்திருக்குமோ. நான் பேசி முடிக்கிறதுக்குள் உள்ளே வெடித்திருந்தால், அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் கெடுத்ததென்றால், கையெழுத்தைப் பலவந்தமாக வாங்கியிருக்க வேண்டுமோ, இல்லை, இல்லை, பலவந்தமாகத் தூங்க வைக்கக்கூடாது அவரை, இன்னொரு தடவை கூடாது, என்ன ஆனாலும் அவர் தெரிந்துகொண்டுதான் போனார், இந்தத் தடவை தெரிந்துகொண்டு போனார், அதைக் கொடுத்தேன், நான் கொடுக்கவில்லை, சிமென்ட் காய்ந்த ஒரு கை கொடுத்தது, கட்டை அவிழ்த்த ஒரு பெண் கொடுத்தாள், மாஸ்க்கை இறக்கின டாக்டர் கொடுத்தார், கடலில் கம்பி போட்ட யாரோ கொடுத்தார்கள். வரிசையில் வந்து நிற்கச் சொன்னார்கள். நிற்கவில்லை, இன்னும் பத்துப் பேர் போகட்டும். விமானத்துக்குள் போய்விட்டால் அணைக்க வேண்டும், ஒன்பது மணி நேரம்.

போன் அடித்தது. வீடியோ. எடுத்தேன், முதலில் ஆஸ்பத்திரிச் சுவர்தான் தெரிந்தது, ஒரு நாற்காலி முதுகு, யாரோ போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார்கள், சேலை தெரிந்தது, பிறகு நங்கையா, முழுசாக, கொஞ்சம் தள்ளி நிற்கிறார். நாற்பத்திரண்டு வருஷமாகத் தம்பி காதில் கத்தியே பேசுகிறவர், கத்தினால் கேட்டுவிடும் என்று இன்னமும் நம்புகிறவர், ஒரு சைகை கற்றுக்கொண்டதில்லை, அதெல்லாம் எனக்கு வராது கண்ணு என்பார். இன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் எங்கள் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்னங்க நங்கையா, எப்படி இருக்காருங்க என்று கேட்டேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். வயிற்றில் மூன்று இடத்தில் தொட்டார். சுண்டுவிரலைக் காட்டி, வெட்டி, தூர எறிந்தார். இரண்டு விரலால் இமையைத் திறந்து காட்டி, கண்ணைத் தொட்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை அவருக்கு. பிறகு ஒரு விரலால் தன் தாடையில், எனக்கு மச்சம் இருக்கிற இடத்தில், தொட்டு, அவன் உன்னைத்தான் முதலில் கேட்டான் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொன்னார். எனக்குக் காது கேட்கும் என்பதையே மறந்துவிட்டார்.